கட்டி என்றதும் முடிவு கட்டாதீர்கள்



‘கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி’ என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி வந்துவிட்டால், அந்த வீட்டில் அன்றிரவு யாருக்கும் தூக்கம் வராது. “உடனே ஆபரேஷன் பண்ணிடுங்க” என்பார் ஒரு மாமா. “கத்தியே படக்கூடாது” என்பார் ஒரு சித்தப்பா. இருவருக்கும் முன்னால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது புற்றா, அழற்சியா?

நாள்பட்ட அழற்சியால் இறுகிப்போன கணையமும் ஸ்கேனில் கட்டி போலத் தெரியலாம். பித்தநாளத்தை நெருக்கி மஞ்சள் காமாலையையும் வரவழைக்கலாம். எடை குறைவதும் சர்க்கரை ஏறுவதும் இரண்டுக்கும் பொது.

இதில் அதிகம் குழப்புவது, உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே கணையத்தைத் தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சி. ஜப்பானிய மருத்துவர்கள் 1995இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற புரதம் மிகுந்திருப்பதை 2001இல் அந்நாட்டு ஷின்ஷூ பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. புற்று என்று கருதிக் கணையத்தின் தலையோடு முன்சிறுகுடலையும் பித்தப்பையையும் அகற்றிய பிறகு, ‘புற்று இல்லை’ என்று ஆய்வகம் சொன்ன நிகழ்வுகள் உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கிய 2 வாரங்களிலேயே பெரும்பாலும் வடியத் தொடங்கும் வீக்கத்துக்கு அவ்வளவு பெரிய அறுவை!

எதிர்ப்பக்கத் தவறு, அதாவது புற்றை அழற்சி என்று நினைத்துவிடுவது, இன்னும் ஆபத்தானது. புற்றுள்ள சிலருக்கும் ஐஜிஜி4 கூடும். புற்றின் அடையாளமாகப் பார்க்கப்படும் சிஏ 19-9 என்ற ரத்தக் குறியீடு வெறும் காமாலையாலும் ஏறும். ஆகவே ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது. சி.டி. ஸ்கேனில் கணையம் முழுவதும் ஒரே சீராகப் பருத்திருந்தால் அழற்சியின் பக்கம் சாயலாம். ஓரிடத்தில் கட்டியும் அதற்கு அப்பால் விரிந்த கணைய நாளமும் தெரிந்தால் புற்றின் பக்கம் ஐயம் வலுக்கும். எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாக ஊசி செலுத்தித் திசு எடுப்பது அடுத்த படி. அதில் புற்றணு அகப்படவில்லை என்பதாலேயே புற்று இல்லை என்றாகிவிடாது. புற்றை உரிய முறையில் விலக்காமல் ‘ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்போம்’ என்று இறங்கக் கூடாது.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளம் வயதிலேயே நாள்பட்ட அழற்சியால் கணையத்தில் கல் சேர்ந்து அவதிப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னாளில் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பழைய வலிதானே என்று அவர்கள் அலட்சியமாக இருக்கக் கூடாது.

வலியே இல்லாமல் வரும் மஞ்சள் காமாலை, வெளுத்த மலம், உடல் அரிப்பு, 50 வயதுக்குமேல் எடை குறைவோடு திடீரெனத் தலைகாட்டும் சர்க்கரை: இவற்றில் எது வந்தாலும் நாட்டு மருந்து குடித்துக் காத்திருக்காதீர்கள். இரைப்பை, குடல் மருத்துவரைப் பாருங்கள். “அழற்சியாக இருக்க வாய்ப்புண்டா? எப்படிச் சரிபார்த்தீர்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள். ஐயம் தீரவில்லையா? இரண்டாவது கருத்தையும் பெறுங்கள். ஆனால் சில நாட்களுக்குள் பெற்றுவிடுங்கள், மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்