ஒரு சொல்லும் இரு தீர்ப்பும்

கடைகளிற் பிரெட்டு என்று விற்கப்படும் வெதுப்பியின் இரண்டு துண்டுகளுக்கிடையே இறைச்சியையோ காயையோ பாலாடைக்கட்டியையோ வைத்துத் தின்றால் அது சாண்ட்விச்சு. இதில் ஐயுறுதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆயின், அமெரிக்க நாட்டார் இவ்வொரு சொல்லின் எல்லை எதுவென்று வீட்டிலும் தெருவிலும் பல்லாண்டுகளாக விளையாட்டாக வழக்காடி வருகின்றனர். ஒருபுறம் பிளந்த நீள்வெதுப்பியின் நடுவே இறைச்சிக் குழலை வைத்துத் தருகிறார்களே, 'ஆட்டாக்கு' என்று. அது சாண்ட்விச்சா, அன்றா? (சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அது சுடுநாய்! நாயூன் அதில் இல்லை. பெயரைக் கொண்டே பொருளை அறுதியிடத் துணிவார்க்கு இது முதற்பாடம்.) அத்தொழிலாரின் அவை, அது சாண்ட்விச்சு அன்றென்று 2015இல் அறிவித்தது. மெரியம்-வெப்சுட்டர் அகரமுதலியாரோ, பிளந்த வெதுப்பியும் தம் வரையறைக்குள் அடங்குமாதலின் அதுவும் சாண்ட்விச்சே என்று 2016இல் அறைந்தனர்.

அப்பெயரோ உணவைப் பற்றி யாதொன்றும் கூறாது. அஃது இங்கிலாந்தின் கெண்டுப் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். பழைய ஆங்கிலத்தில் மணற்பாங்கான வணிகத்துறை என்று பொருள்படும். நாம் மணற்றுறை எனலாம். அவ்வூர்ப் பெயரைப் பட்டமாகக் கொண்டிருந்த நான்காம் கோமகன் சான் மாண்டேகு என்பான், சூதாட்ட மேசையை விட்டெழ மனமின்றி, இறைச்சியை வெதுப்பித் துண்டுகளுக்கிடையே வைத்துத் தரச்சொல்லித் தின்றான் என்பர். ஆட்டத்தால் அன்று, அலுவல் மிகுதியால் அவ்வாறு உண்டான் என்பாரும் உளர். பின்னாளில் வரலாற்றாசிரியராய்ப் புகழ்பெற்ற கிப்பன், 1762ஆம் ஆண்டிலேயே தம் நாட்குறிப்பில் இவ்வுணவைப் பெயர் சுட்டி எழுதியிருக்கிறார். 1778இல் கடலோடி குக்கு, அவாய்த் தீவுகளுக்கும் அக்கோமகன் பெயரையே இட்டுவிட்டான். அத்தீவினர் தம் மண்ணுக்குத் தாமே பெயர் வைத்திருந்தனர் என்பது அவனுக்கு ஒரு பொருட்டாகவில்லை. இவ்வாறு ஊர்ப்பெயர் ஆட்பெயராகி, ஆட்பெயர் உணவுக்கும் தீவுக்கும் உரிய பெயராயிற்று. கரணியம் பற்றி எழுந்த பெயர், அக்கரணியத்தை மக்கள் மறந்தபின் இடுகுறி போலவே நிற்கும். அத்தகைய சொல்லுக்கு வேலி கட்டுவது எளிதன்று.

எளிதன்று என்பதை முறைமன்றங்களே காட்டிவிட்டன. மாசாசூசெட்டுசு மாநிலத்துச் சுரூசுபரி என்னும் ஊரில் ஒரு கடைத்தொகுதி. அங்கே வெதுப்பி உணவு விற்கும் பனேரா கடைக்காரர், அத்தொகுதியில் சாண்ட்விச்சு விற்கும் வேறொரு கடைக்கு இடந்தரலாகாது என்று குடிக்கூலி உடன்படிக்கையில் எழுதி வாங்கியிருந்தனர். 2006இல் இடத்துக்குரியவர் மெக்சிகோ நாட்டு உணவு விற்கும் கடைக்கு இடங்கொடுத்தார். அக்கடையின் சிறப்புணவு புரிட்டோ: மாவைத் தட்டிச் சுட்ட ஒற்றை அடையில் இறைச்சியும் சோறும் பயறும் வைத்துச் சுருட்டியது. அதுவும் சாண்ட்விச்சுதான், தடை செய்க என்று வழக்கெழுந்தது. சமையல் வல்லுநர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். வேளாண்துறையில் முன்பு பணியாற்றியவர் ஒருவரும் கொடுத்தார். நடுவர் இலாக்கு அகரமுதலியைப் புரட்டினார். சாண்ட்விச்சுக்கு வெதுப்பித் துண்டு இரண்டு வேண்டும். புரிட்டோவுக்கு அடை ஒன்றே. ஆகவே அது சாண்ட்விச்சு அன்றென்றார். உடன்படிக்கையை எழுதியவர்கள் அச்சொல்லுக்கு அதிலேயே பொருள் வரையறுத்திருக்கலாமே என்றும் சுட்டினார்.

பதினெட்டாண்டு கழிந்தது. இண்டியானா மாநிலத்துப் போர்ட்டு வேன் நகரில் ஒருவர் தம் நிலத்திற் கடைகள் கட்ட முனைந்தபோது, அண்டை வீட்டார் அஞ்சினர். ஓயாத இரைச்சலும் ஊர்திகளும் வந்துவிடுமோ என்பது அவர்தம் அச்சம். ஆகவே, கேட்டவுடன் செய்து தரும் சாண்ட்விச்சுக் கடை மட்டுமே அங்கு வரலாம், மது விற்றலாகாது, வெளியில் இருக்கை போடலாகாது என்றெல்லாம் எழுத்து வழி உறுதி பெற்றனர். பிறகு ஒரு டாக்கோக் கடை வந்தது. அது சாண்ட்விச்சுக் கடை அன்றென்று மறுப்பெழுந்தது. நகரமைப்புக் குழுவும் இசையவில்லை. வழக்கைக் கேட்ட நடுவர் பொபே, 2024 மே திங்களில், டாக்கோவும் புரிட்டோவும் மெக்சிகோ முறைச் சாண்ட்விச்சுகளே என்று தீர்ப்பளித்தார். அமெரிக்க முறைச் சாண்ட்விச்சு மட்டுமே விற்கவேண்டும் என்று அவ்வுறுதியில் எங்கும் எழுதப்படவில்லையே என்றார். கிரேக்கர், வியட்னாமியர் உணவுகளோடு, நம் துணைக்கண்டத்து நாண் சுருளையும் அங்கு விற்கலாம் என்று சேர்த்துக் கூறினார்.

ஒருவர் அன்றென்றார், மற்றொருவர் ஆமென்றார். இவருள் யார் பிழைத்தார்? ஒருவரும் பிழைக்கவில்லை என்பதே எம் கருத்து. பல பொருள் குறித்த ஒரு சொல் வரின், அதனொடு சேர்ந்த வினையாலும் இனத்தாலும் சார்பாலும் அதன் பொருளைத் தெளிக என்று தொல்காப்பியர் நெறி காட்டியிருக்கிறார். மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. மா என்பதன் உண்மைப் பொருள் யாது என்று தனியே நிறுத்திக் கேட்பவனுக்கு விடையில்லை. முதல் வழக்கிற் சாண்ட்விச்சு என்னும் சொல் பிறனொருவன் வணிகத்தைத் தடுக்கும் சார்பில் நின்றது. எழுதாத பொருளையும் அதனுள் திணித்தால் ஒருவன் வாழ்வு கெடும். ஆதலின் நடுவர் அதைச் சுருக்கிப் பொருள் கொண்டார். இரண்டாம் வழக்கில் அதே சொல் ஒருவனைக் கடை வைக்க விடும் சார்பில் நின்றது, ஆதலின் விரிந்தது. தீர்ப்புகள் சொல்லளவில் முரண்பட்டன. பயனோ ஒன்றே: ஈரிடத்தும் புதிதாய் வந்த மெக்சிகோ உணவுக் கடை நுழைய வழி பிறந்தது. இதைக் கண்டு நகைப்போர் பலர். உற்று நோக்கினார் சிலரே.

வரி தண்டுவோர் கையில் அகப்பட்ட சொல்லின் நிலை வேறு. நியூயார்க்கு மாநில வரித்துறையின் பட்டியலிற் புரிட்டோவும் சாண்ட்விச்சு, ஆட்டாக்கும் சாண்ட்விச்சு, நடுவில் துளையுள்ள பேகல் என்னும் வெதுப்பியை அறுத்து வெண்ணெய் தடவினால் அதுவும் சாண்ட்விச்சு. அறுக்காமல் வாங்கிச் சென்றால் வரியில்லை. கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டால் வரியுண்டு! அயர்லாந்தில் 2020ஆம் ஆண்டு, சாண்ட்விச்சுக்குரிய வெதுப்பியே வெதுப்பியன்று என்று உச்ச முறைமன்றம் கூறிற்று. மாவின் எடையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேற் சருக்கரை இருத்தலாகாதென்பது அந்நாட்டு வரிச்சட்டம். சப்வே கடை வெதுப்பியில் இருந்ததோ 10 பங்கு.

இவற்றையெல்லாம் வகுப்பிற் பெயரியல் நடத்துகையில் எடுத்துரைத்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, தோசைக்குள் கிழங்கு மசியல் வைத்து மடிக்கிறார்களே, அதுவும் சாண்ட்விச்சா?" என்றான். மாசாசூசெட்டுசில் அன்று, இண்டியானாவில் ஆம் என்றேன். வகுப்பே சிரித்தது. எனினும் அக்கேள்வி சிரித்துக் கழிக்கத் தக்கதன்று. பிறர் நாட்டு முறைமன்றம் நம் தோசையை எதனுள் அடக்கினாலும் நமக்குக் குறைவில்லை. நம் அடுப்படிப் பெயர்களை நம்மூர் வரித்தாளே குழப்பினால் அது வயிற்றைத் தொடும்.

குழப்பியதும் உண்டு. 2020இல் கருநாடகத்து வரி முன்முடிவு ஆணையம், பொட்டலத்தில் அடைத்து விற்கும் பரோட்டா ரொட்டியாகாது என்றது. ரொட்டிக்கும் சப்பாத்திக்கும் நூற்றுக்கு 5 வரி, பரோட்டாவுக்கு 18. வாங்கி வந்தபின் மீண்டும் சூடு செய்து உண்ண வேண்டியிருக்கிறதாம்; ஆகவே அது வேறு இனமாம். கல்லிற் போட்டுப் புரட்டுகிறவனைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும் வழக்கு! ஐந்தாண்டுக்குப்பின், 2025 செப்டம்பர் 22 முதல், இரண்டு வரியும் அறவே நீக்கப்பட்டன. அதற்கென வெளியிட்ட பட்டியலில், பரோட்டாவும் பிற இந்திய ரொட்டி வகைகளும் 'எப்பெயரால் வழங்கப்படினும்' என்று எழுதிவிட்டார்கள்.