"ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்" என்போருக்கு



துண்டுத்துணியில் போர்வை தைக்கும் பெண்களின் வீட்டில் அலுமாரியில் ஒரு தட்டு இதற்கென்றே இருக்கும். திறந்தால் பைகள் வந்து விழும். ஒன்றில் வெட்டிய சதுரங்கள், ஒன்றில் பாதி இணைத்த மேல்துணி, இன்னொன்றில் ஓரம் மட்டும் அடிக்காத விரிப்பு. என் தட்டில் இப்போது மூன்று பைகள். நான்காவதற்குத் துணி கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். இதைச் சொன்னால் உடனே வரும் அறிவுரை, "முதல்ல கிடக்கிறத முடிங்க டீச்சர்."

அந்த அறிவுரை பாதிதான் சரி.

போர்வை என்பது ஒரு வேலை அல்ல. துணி சேர்ப்பது, கழுவுவது, வெட்டுவது, இணைப்பது, அடுக்குகளைச் சேர்த்து ஓட்டுத்தையல் போடுவது, ஓரம் அடிப்பது என்று பல வேலைகள். வெட்டுவதற்கு மேசையும் நல்ல வெளிச்சமும் வேண்டும். இணைப்பதற்கு மெஷின் வேண்டும். ஓட்டுத்தையலுக்கு மடி போதும், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டே போடலாம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது மோட்டர் மெஷின்கள் சும்மா கிடந்தன. கைத்தையல் கட்டத்தில் ஒன்றை வைத்திருந்தவருக்கு வேலை ஓடியது. வெவ்வேறு கட்டத்தில் இரண்டு மூன்று இருப்பது சோம்பலும் இல்லை, ஒழுங்கீனமும் இல்லை. சமையலுக்கும் பாடசாலைக்கும் மத்ரஸா கூட்டிப்போவதற்கும் இடையில் துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்தை வேறு எப்படிப் பாவிப்பது?

ஆனால் அறிவுரையின் மற்றப் பாதி சரி. கிடப்பதெல்லாம் ஒரே மாதிரிக் கிடப்பதில்லை. நான் மூன்றாகப் பிரிக்கிறேன்.

முதலாவது, காத்திருக்கும் வேலை. துணி போதவில்லை, அல்லது லீவு வரட்டும் என்று நிற்கிறது. இதில் பிரச்சினை இல்லை. ஒன்று மட்டும் செய்ய வேண்டும்: பைக்குள் ஒரு துண்டுக் கடதாசி. எத்தனை சதுரம் வெட்டியாயிற்று, எத்தனை மிச்சம், தையலுக்கு விட்ட அளவு என்ன, அடுத்த வேலை எது. ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது கை பழைய அளவை மறந்திருக்கும். ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் மாறினால் எட்டுத் தையலில் ஓர் அங்குலம் போய்விடும், பிறகு வரிசைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. குண்டூசியையும் கழற்றிவிட்டு மடியுங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குத் துரு துணியில் இறங்கிவிடும்.

இரண்டாவது, அமானிதம். அடுத்த வீட்டு ராத்தா இத்தா முடிந்த பிறகு, மௌத்தான கணவரின் ஐந்து சாரன்களைக் கொண்டுவந்து தந்தார். பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கொரு போர்வை. கூலி எவ்வளவு என்று கேட்டார், நாள் கேட்கவில்லை. நாள் கேட்காதவரின் வேலைதான் எப்போதும் பின்னுக்குப் போகும், ஏனென்றால் அவர் வந்து கதவைத் தட்டமாட்டார். இந்தப் பைக்கு மேலே வேறொன்றை வைக்க நமக்கு உரிமை இல்லை. பழைய சாரன் துணி இழை நைந்தது. வைக்க வைக்க மடிப்பில் கிழியும். கிழிந்தால் கடையில் வாங்கி ஈடு செய்ய முடியாத துணி அது.

மூன்றாவது, மனம் விட்டுப்போன வேலை. நிறம் பிடிக்கவில்லை, மாதிரி பிடிக்கவில்லை, இனிமேல் தொடப்போவதில்லை என்பது தெரியும். அதை ஏன் வைத்திருக்கிறோம்? பிரித்துக் கால்மிதி தையுங்கள். அல்லது மனைப்பொருளியல் படிக்கும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள், பயிற்சிக்கு உதவும். வீண்விரயம் என்பது பிரிப்பதில் இல்லை, பூச்சி தின்ன விடுவதில் இருக்கிறது.

இந்த இடத்தில் சிலர் சூறா அந்நஹ்லின் 92ஆவது வசனத்தைச் சொல்வார்கள், உறுதியாக நூற்ற நூலைப் பிரித்துப்போட்ட பெண்ணின் உவமை. அந்த வசனம் தையலைப் பற்றியது அல்ல, சத்தியத்தை முறிப்பவர்களைப் பற்றியது. ஆகவே பிடிக்காத துண்டுகளைப் பிரிப்பதற்கு அது பொருந்தாது. ராத்தாவிடம் "தைத்துத் தருகிறேன்" என்று சொன்னதை நினைத்தால்தான் அந்த உவமை சுடுகிறது.

கர்நாடகத்தின் வடகன்னடப் பகுதியில் சித்தி எனப்படும் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் வாழ்கிறார்கள். முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களின் பெண்கள் கவந்தி என்ற போர்வையைப் பழைய துணிகளால் தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். கடைசியில் நாலு மூலைகளுக்கும் மடித்த சிறு துணிகளால் 'பூலா' வைக்கிறார்கள், பூ என்று அர்த்தம். அது இல்லாத போர்வை அவர்களுக்கு முடிந்த போர்வை இல்லை. முடிவு எது என்று தொடங்கும்போதே அவர்களுக்குத் தெரியும். நமக்கும் அது வேண்டும்: யாருக்கு, எவ்வளவு பெரிது, எந்த நாளைக்கு. இதற்குப் பதில் இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்கக் கூடாது.

முடிப்பதற்காக மட்டும் முடிப்பதையும் நான் பெரிதாக நினைப்பதில்லை. வகுப்பில் செயல்முறை வேலை ஒப்படைக்கும் நாளில், உம்மா இரவிரவாக முடித்துக் கொடுத்தது எது, பிள்ளை தானே பாதிவரை தைத்தது எது என்று தையலின் இடைவெளியே சொல்லிவிடும். இரண்டாவது பிள்ளைக்கு ஊசி பிடிக்கத் தெரியும். மிச்சத்தை அது தைத்துவிடும்.

என் நான்காவது, தங்கச்சிக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு. அதற்கு நாளும் ஆளும் இருக்கிறது. பழைய மூன்று முடியட்டும் என்று பிள்ளை காத்திருக்காது. அதனால் துணியைக் கழுவிவிட்டேன். புதுத்துணி சுருங்குவதும் சாயம் விடுவதும் இப்போதே நடக்கட்டும். ஆனால் சாரன் போர்வைகள் இரண்டும் ராத்தா வீட்டுக்குப் போகும்வரை அந்தத் துணியில் கத்தரிக்கோல் படாது. வெட்டாத துணி இன்னும் துணிதான், சட்டையாகவும் தைக்கலாம். வெட்டிய பிறகுதான் கடன்.

சகோதரிகளே, இன்று அஸருக்குப் பிறகு உங்கள் தட்டைத் திறந்து பாருங்கள். எத்தனை பை என்று எண்ண வேண்டாம். அவற்றில் அடுத்தவருடையது எது என்று பாருங்கள். அதை எடுத்து மெஷினுக்குப் பக்கத்தில் வையுங்கள். மற்றவை இன்ஷா அல்லாஹ் தம் முறைக்கு வரும்.