முங்கின காரும் துருப்பிடித்த காரும்

போன வருடம் பொங்கலுக்கு முந்தின வாரம் மருமகன் சென்னையிலிருந்து போன் பண்ணினான். மருமகன் என்றால் தங்கை மகன். ஐ.டி. கம்பெனியில் வேலை, வயது முப்பத்தொன்று. வழக்கமாக "மாமா, சுகர் எவ்வளவு இருக்கு?" என்று ஆரம்பிப்பவன், அன்று எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"மாமா, ஒரு வண்டி பார்த்திருக்கேன். ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். ஆறரை லட்சம் சொல்றாங்க. நீங்க வந்து ஒரு பார்வை பார்த்துச் சொல்லணும்."

நான் முப்பத்தைந்து வருடம் பஸ் பணிமனையில் கிடந்தவன். ராணி மங்கம்மாள் என்று பெயர் எழுதின பஸ்கள் திண்டுக்கல்லிலிருந்து ஓடின காலம் நம் பக்கத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்து ஆள். அதனால் சொந்தத்தில் யார் டி.வி.எஸ். ஐம்பது வாங்கினாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டாமல் வாங்குவதில்லை. ஆனால் ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ராத்திரி பாண்டியனில் ஏறி விடியற்காலை தாம்பரத்தில் இறங்கினேன்.

வண்டி ஒரு யார்டில் நின்றது. பி.எம்.டபிள்யூ. ஸெட் 4, சிவப்பு நிறம், 2013 மாடல். புதிதாக வாங்கினபோது அறுபது லட்சத்துக்கு மேல் போயிருக்கும். பட்டனை அமுக்கினால் தகரக் கூரை மடிந்து டிக்கிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. பொய் சொல்லக் கூடாது, எனக்கே கை பரபரத்தது.

யார்டுக்காரர் எதையும் மறைக்கவில்லை. "தண்ணி வண்டிதான் சார். மிக்ஜாம் புயல்ல முங்கினது. இன்சூரன்ஸ் ஏலத்துல எடுத்தோம். நாலு லட்சம் செலவு பண்ணினா புதுசு மாதிரி ஓடும்" என்றார். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கார்கள் மிதந்ததை நாம் எல்லோரும் டி.வி.யில் பார்த்தோமே, அந்தக் கூட்டத்தில் இதுவும் ஒன்று.

ஆறரையும் நாலும் பத்தரை. அதே மாதிரி நல்ல வண்டி பழசாக வாங்கினாலும் இருபது லட்சத்துக்குக் குறையாது என்பது மருமகன் போட்ட கணக்கு. பாதிக்குப் பாதி லாபம். கணக்கு சரிதான். கணக்கின் முதல் வரிதான் தப்பு.

இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் ஏன் அந்த வண்டியைக் கைகழுவினான்? வண்டிக்கு ஐ.டி.வி. என்று ஒரு மதிப்பு போடுவார்கள். பழுது பார்க்கும் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதை முழு நஷ்டம் என்று எழுதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை ஏலத்துக்கு விடுவார்கள். இந்த வண்டியின் ஐ.டி.வி. இருபது லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பழுதுச் செலவு பதினைந்து லட்சத்துக்கு மேல் வரும் என்று சர்வேயர் எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். பதினைந்து லட்சத்து வேலை நாலு லட்சத்தில் எப்படி முடியும்?

"கம்பெனி சர்வீஸ்ல எல்லாமே புது ஸ்பேர் போடுவான் மாமா. வெளியில புதுப்பேட்டை ஸ்பேர் போட்டா கம்மிதானே" என்றான். அதிலும் நியாயம் இருக்கிறது. இந்தத் தொழிலே அந்த வித்தியாசத்தில்தான் நடக்கிறது. ஆனால் அந்த வித்தியாசத்தில் பாதி, மலிவான ஸ்பேர். மீதிப் பாதி, செய்யாமல் விட்ட வேலை. விபத்து நடந்தால் விரிய வேண்டிய ஏர்பேக், சறுக்காமல் பிடிக்க வேண்டிய பிரேக் சென்சார் இதெல்லாம்தான் செய்யாமல் விடப்படும். ஏனென்றால் அது வேலை செய்கிறதா இல்லையா என்பது விபத்து நடக்கும் நிமிஷம் வரை தெரியாது.

வண்டியைப் பார்த்தேன். நான் பார்த்த விதத்தைச் சொல்கிறேன், உங்கள் பிள்ளைகளுக்கும் உதவும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். எவ்வளவு கழுவினாலும் சுருளுக்குள் இருக்கும் பகுதியில் செம்மண் கோடு நிற்கும். தரை விரிப்பைத் தூக்கி, சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டைப் பாருங்கள், துரு இருக்கும். ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பால் கலந்த டீ நிறத்தில் பிசுக்கு இருக்கும். இங்கே நாலும் இருந்தது. கூரைப் பட்டனை அமுக்கினோம், ஒன்றும் அசையவில்லை. "பேட்டரி டவுன் சார்" என்றார்.

தண்ணீர் இரண்டு விதமாகக் காரைக் கொல்லும். ஒன்று உடனே. காற்று போகும் வழியில் தண்ணீர் போய், அந்த நேரம் இன்ஜினும் ஓடினால் தீர்ந்தது. காற்றை பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எனக்குத் தெரிந்த அரிசி மில் லாரி ஒன்று மழை நாளில் தரைப்பாலத்தில் இப்படித்தான் நின்றது. பிரித்துப் பார்த்தால் ராடு அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. இது பெரிய செலவு, ஆனால் கண்ணுக்குத் தெரியும் செலவு.

இரண்டாவது சாவு மெதுவாக வரும். இந்தக் கால வண்டியில் மைல் கணக்கில் ஒயர். தரைக்கடியிலும் சீட்டுக்கடியிலும் சின்னச் சின்ன கம்ப்யூட்டர் பெட்டிகள். சாக்கடை கலந்த தண்ணீர் ஒயர் இணைப்புகளுக்குள் போய்விட்டால் செம்புப் பாத்திரத்தில் வருமே பச்சைக் களிம்பு, அது வரும். இன்றைக்குத் துடைத்தால் ஓடும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் ராத்திரி விழுப்புரம் தாண்டினதும் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரியும். எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்கவே பத்து நாள் ஆகும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான்.

அப்புறம் காகிதம். அழிந்துபோன, இனி ஓட்ட முடியாத வண்டியின் ஆர்.சி.யை 14 நாளுக்குள் ஒப்படைத்து ரத்து செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் இப்படிப்பட்ட வண்டி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா, பேங்க் கடன் பாக்கி நீங்கிவிட்டதா என்பதை. ஆர்.சி. இல்லாத வண்டி என்றால் அது ஸ்பேர் பார்ட்ஸ் மூட்டைதான். இவர்களிடம் ஆர்.சி.யின் நகல் மட்டும் இருந்தது. "ஒரிஜினல் வந்துக்கிட்டே இருக்கு சார்" என்றார்.

வெளியே வந்து டீ குடித்தோம். "வேண்டாம் மாப்ளே" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க மட்டும் அன்னைக்கு வாங்கினீங்களே மாமா?" என்றான்.

கேட்பான் என்று எதிர்பார்த்ததுதான். 1987-ல் நான் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினேன். செம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி. இரண்டு கதவு, 948 சி.சி. இன்ஜின். விலை 6,500 ரூபாய், அப்போது என் நாலு மாதச் சம்பளத்துக்கு மேல். ஓட வைக்க மூன்று வருடம் ஆனது, வாங்கின விலையைப் போல் இரண்டு மடங்கு செலவானது. இடையில் 1988-ல் ஸ்டாண்டர்டு கம்பெனியில் கார் உற்பத்தியே நின்றுபோனது. ஸ்பேருக்கு நாய் படாத பாடு. என் வீட்டம்மா என்னோடு பேசாத நாட்களும் உண்டு.

சென்னையில் செய்த குடும்பக் கார்தான் என்றாலும், அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். ஒரு விதத்தில் நானும் பாதி ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தவன்தான்! பானட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு போனபோது டம்டம் பாறைக்கிட்ட ரேடியேட்டர் கொதித்து நின்றது. அடைப்பை நான் சரியாக எடுக்கவில்லை, தப்பு என்னுடையது. ஒரு மணி நேரம் பிள்ளைகள் மேகத்தை வேடிக்கை பார்த்தார்கள். 1996-ல் அவசரத்துக்கு 14,000 ரூபாய்க்கு விற்றேன். கணக்குப் பார்த்தால் நஷ்டம். வருத்தமில்லை.

அப்படியானால் அவனுக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்றேன்?

துருப்பிடித்த வண்டி வேறு, முங்கின வண்டி வேறு. என் ஹெரால்டில் ஒயர் என்று இருந்ததை ஒரு கைப்பிடியில் அடக்கிவிடலாம். கெட்டுப்போனது எது என்று கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். கிடைக்காத புஷ்ஷைத் திண்டுக்கல் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். அந்த சிவப்பு வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியை எந்த லேத்தில் கடைவது?

கோயம்புத்தூர் கரிவர்தன் 1980-களின் இறுதியில் நம் நாட்டுப் பையன்களுக்காக ரேஸ் கார் செய்தபோது, ஃபெராரி இன்ஜினைத் தேடிப் போகவில்லை. தெருவுக்குத் தெரு மெக்கானிக் இருக்கும் மாருதி இன்ஜினைத்தான் எடுத்துக்கொண்டார். கெட்டால் சரி செய்ய முடிகிற வண்டிதான் நம் வண்டி.

இன்னொன்று, பணம். என்னுடையது என் சம்பளப் பணம். போனால் எனக்குத்தான் போகும். அவன் கையில் இருந்தது, என் தங்கை நம்மூர் வயக்காட்டில் முப்பது சென்ட் விற்றுக் கொடுத்தது. தாம்பரத்தில் ஃபிளாட் அட்வான்ஸுக்கு என்று கொடுத்தது. அப்பனும் பாட்டனும் நாற்று நட்ட மண்ணை விற்று, வெள்ளத்தில் முங்கின காரை வாங்குவதா? இதை அவனிடம் நான் டீக்கடையில் சொல்லவில்லை. அவனே புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன், முகம் வாடிவிட்டது.

அதனால் என் கட்சி இதுதான். பழைய வண்டி ஆசை தப்பில்லை. ஆனால் வாங்குமுன் விலையைக் கேட்காதீர்கள். இது ஒரு நாளும் ஓடாமலே போனால் நான் தாங்குவேனா என்று கேளுங்கள். தாங்குவேன் என்றால் வாங்குங்கள். அந்த சிவப்பு வண்டிக்கும் ஏற்ற ஆள் எங்கோ இருப்பார், அதே மாடலைச் சொந்தமாக வைத்துக்கொண்டு ஸ்பேருக்கு அலைபவர். அவருக்கு அது லாபம்.

தங்கை போன் பண்ணி, "நல்ல வேளை அண்ணே, நீ தடுத்தே" என்றாள். எனக்கு அதில் பெரிய சந்தோஷம் இல்லை. பொங்கலுக்கு வந்தவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. முப்பத்தொரு வயசுப் பிள்ளையின் ஆசையில் மண் அள்ளிப் போட்டோமோ என்று எனக்கும் உறுத்தல்தான்.

இப்போது போன வாரம் போன் வந்தது. "மாமா, ஹெரால்டு ஒண்ணு தேடுவோமா? ஐம்பது வருஷம் தாண்டின வண்டின்னா தனியா பதியலாமாமே?" உண்மைதான். 2021-ல் வந்த விதி. அசல் உருவம் மாறாமல் இருந்தால் 20,000 ரூபாய் கட்டி, பத்து வருடத்துக்குப் பதியலாம். தினமும் ஓட்டத்தான் கூடாது. கண்காட்சி, ஊர்வலம் என்று போய் வரலாம்.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். மாதம் இரண்டு சனிக்கிழமை ஊருக்கு வர வேண்டும், ஸ்பேனர் அவன்தான் பிடிக்க வேண்டும். நான் டயர் மேல் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பேன். அறுபத்தெட்டு வயதில் வண்டிக்கடியில் படுக்க முடியாது, நல்ல வேளையாக ஹெரால்டுக்கு அது பெரும்பாலும் தேவையுமில்லை.

நம் பக்கம் ஏதாவது தோட்டத்திலோ மில் கொட்டகையிலோ ஹெரால்டு நின்றால் சொல்லுங்கள். கோழி அடைந்தாலும் பரவாயில்லை. தண்ணீரில் மட்டும் முங்கியிருக்கக் கூடாது.