மாமாவின் ஒஃபிஸில் நான் பூட்டின பெட்டி



இந்த வார எபிசோட்ல கிளவுட் வழியான நெட்வேர்க் பாதுகாப்பு பற்றிக் கதைச்சம். கேட்ட ஆக்களுக்குத் தெரியும், கடைசிப் பத்து நிமிஷம் நான் வழமையை விட அமைதி. மைக்குக்கு முன்னால சொல்ல மனமில்லாத ஒரு கதை இருந்தது. மாமாட்டக் கேட்டு, அவர் ஓம் எண்ட பிறகு இங்க எழுதுறன்.

மாமா ஸ்காபரோவில ஒரு சின்ன வரிக் கணக்கு ஒஃபிஸ் வைச்சிருக்கிறார். வேலைக்கு ஒன்பது பேர். நாலு பேர் நேரில வருவினம், மூன்று பேர் வீட்டில இருந்து, ரெண்டு பேர் யாழ்ப்பாணத்தில இருந்து. 2020 மார்ச்சில எல்லாரும் வீட்டுக்குள்ள அடைபட்ட கிழமை, "தம்பி, இவை வீட்டில இருந்து வேலை செய்ய ஒரு வழி செய்து தா" எண்டு கேட்டார். நான் ஒரு விபிஎன் பெட்டி வாங்கி, அலுமாரிக்குள்ள ரவுட்டருக்குப் பக்கத்தில பூட்டி, ஆளுக்கொரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் போட்டுக் குடுத்தன். ரெண்டு மணித்தியால வேலை. மாமி கொத்துரொட்டி வாங்கித் தந்தா. அதுக்குப் பிறகு அந்தப் பெட்டியை நான் திரும்பிப் பார்க்கவேயில்லை.

போன வருஷம் பெப்ரவரி, வரிச் சீசன் தொடங்கிற நேரம், ஒரு சனிக்கிழமை காலமை மாமாவின் ஃபோன். "தம்பி, ஒரு ஃபைலும் திறக்குதில்லை." போய்ப் பார்த்தால் சேர்வரும் சரி, அதில கொழுவியிருந்த பக்கப் டிஸ்க்கும் சரி, முழுக்கப் பூட்டுப்பட்டு, காசு கேட்டு ஒரு குறிப்பு. எந்த வழியால வந்தவங்கள் எண்டு தேடினால், ரெண்டு வருஷத்துக்கு முன்னம் வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கு. அவர் களவுக்கு உடந்தை இல்லை. தன்ர வேறொரு கணக்கின் பாஸ்வேர்டையே இங்கயும் பாவிச்சிருக்கிறார், அது வேற எங்கேயோ களவு போயிருக்கு. அவர் போனதை மாமா எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2021 மே மாதம் அமெரிக்காவில கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்கு நடந்ததும் இதே வடிவம்தான். ஒருத்தரும் பாவிக்காத ஒரு பழைய விபிஎன் கணக்கு, ஒரேயொரு பாஸ்வேர்ட், ரெண்டாவது சரிபார்ப்பு கிடையாது. கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டுபோற குழாய் நாள்கணக்கில நிண்டது. 75 பிட்கொயின், அண்டைய விலைக்குக் கிட்டத்தட்ட 44 லட்சம் டொலர், கப்பமாகக் கட்டினவை. அவ்வளவு பெரிய கம்பனிக்கும் ஒன்பது பேர் ஒஃபிஸுக்கும் ஒரே ஓட்டை.

பழைய விபிஎன் எப்படி எண்டால், எங்கட கலியாண மண்டபம் மாதிரி. வாசலில காட்டைக் காட்டினால் சரி. அதுக்குப் பிறகு சமையல் கட்டுக்குப் போனாலும், பொம்பிளை வெளிக்கிடுற அறைக்குப் போனாலும், நகைப் பை வைச்ச மேசைக்குப் பக்கத்தில நிண்டாலும், "நீங்கள் ஆர்?" எண்டு ஒருத்தரும் கேட்கமாட்டினம். எல்லாரும் மற்றப் பக்கத்துச் சொந்தம் எண்டு நினைச்சுக்கொண்டு இருப்பம். மாமாவின் நெட்வேர்க்கும் அப்படித்தான். பிரிண்டருக்கு வரக்கூடிய ஆள் எல்லாற்றை வரிப் பத்திரத்துக்கும் வரலாம்.

இதுக்கு மாற்று புதுசே இல்லை. ஃபொரெஸ்டர் ஆய்வு நிறுவனத்தில இருந்த ஜோன் கிண்டர்வாக் 2010இலேயே 'ஸீரோ டிரஸ்ட்' எண்டு எழுதினவர். 2009இல நடந்த ஊடுருவலுக்குப் பிறகு கூகுள் தன் ஊழியர்களுக்கு விபிஎன் தேவைப்படாத முறை ஒன்றைக் கட்டத் தொடங்கி, 2014இல 'பியொண்ட்கோர்ப்' எண்ட பேரில அதை விளக்கி எழுதிச்சுது. 2019இல கார்ட்னர் இந்தக் கூட்டத்துக்கு 'சாஸி' எண்டு பேர் வைக்க, விற்கிறவைக்கு ஒரு சொல் கிடைச்சுது.

வேலை செய்யிற விதம் இதுதான். ஒஃபிஸ் சேர்வரில ஒரு சின்ன மென்பொருள் இருக்கும். அது உள்ளே இருந்து வெளியே, கிளவுட் நிறுவனத்தை நோக்கித் தொடர்பு எடுக்கும். வெளியே இருந்து உள்ளே வர இன்டர்நெட்டில ஒரு கதவும் திறந்திருக்காது. யாழ்ப்பாணத்தில இருக்கிற ஆள் முதலில கிளவுட்டில தன்னை நிரூபிக்க வேணும்: பாஸ்வேர்ட், ஃபோனில ரெண்டாவது சரிபார்ப்பு, லப்டொப் அப்டேட் செய்யப்பட்டிருக்கா எண்ட சோதனை. எல்லாம் சரியெண்டால் அவருக்குத் தேவையான அந்த ஒரு அப்ளிகேஷன் மட்டும் திறக்கும், மற்றது இருக்கிறதே தெரியாது. வேகமும் கூடும். முந்தி அவை மைக்ரோசொஃப்ட் மெயில் பார்க்கிறதுக்குக்கூட அந்தத் தரவு ஸ்காபரோ அலுமாரிக்கு வந்து சுத்தித்தான் போனது. நான் அப்படித்தான் செற் பண்ணியிருந்தனான், வெட்கக்கேடு.

"பெட்டியை ஒழுங்கா அப்டேட் செய்தால் காணும்தானே?" எண்டு சிலர் கேட்பினம். 2024 ஜனவரியில இவான்டி விபிஎன் பெட்டிகளில ஓட்டை வெளிவந்தபோது, அமெரிக்க சைபர் பாதுகாப்பு நிறுவனம் சீசா மத்திய அரசு அலுவலகங்களுக்குச் சொன்னது, அவற்றை 48 மணித்தியாலத்துக்குள்ள கழட்டச் சொல்லி. அதுக்கெண்டு ஆக்கள் வைச்சிருக்கிற இடங்களுக்கே அந்த நிலை. மாமாவின் அலுமாரியை ஆர் பார்க்கிறது? நான். கொத்துரொட்டிக்கு.

அதனால என்ர கருத்து: எங்கட ஆக்கள் நடத்துற சின்ன வியாபாரங்கள் அந்தப் பெட்டியைக் கழட்ட வேணும். ஆனால் 'சாஸி' விற்க வாறவையிடம் முழுப் பொதியையும் வாங்க வேண்டிய தேவை இல்லை. கிளவுட்ஃப்ளேரின் ஸீரோ டிரஸ்ட் 50 பேர் வரைக்கும் இலவசம். ஃபைல் எல்லாம் ஏற்கனவே மைக்ரோசொஃப்ட் 365லயோ கூகுளிலயோ இருக்கெண்டால், அலுவலக நெட்வேர்க்குக்குள்ள போக வேண்டிய தேவையே இல்லாமல் இருக்கலாம். லொகினை இறுக்கினால் பெரும்பகுதி முடிஞ்சுது.

லொகினை இறுக்கிறதுதான் கஷ்டம். மாமாவின் ஒஃபிஸில 14 வருஷமா வேலை செய்யிற அன்ரி ஒராள் இருக்கிறா. ஒவ்வொரு காலமையும் ஃபோனில 'நான்தான்' எண்டு அமத்தச் சொன்னதும் முகம் சுருங்கிச்சுது. "என்னை நம்பேல்லையோ தம்பி?" அதுக்கு என்னட்டை ஆயத்தமான பதில் இருக்கேல்லை. 'ஸீரோ டிரஸ்ட்' எண்ட பேரே எங்கட ஆக்களுக்குப் பொருந்தாது. ஊர்க்காரர், சொந்தக்காரர் எண்டு நம்பிக்கையிலதான் இந்த வியாபாரங்கள் நிக்குது. கடைசியா, "அன்ரி, உங்களை நம்புறம். உங்கட பேரைச் சொல்லிக்கொண்டு வாற ஆளைத்தான் நம்பேல்லை" எண்டன். அதுக்குப் பிறகு அமத்தினா. அதே அன்ரியின் பாஸ்வேர்டை ரெண்டு பேர் பாவிச்சது பிறகுதான் தெரியவந்தது, அது வேற கதை.

கிளவுட்டுக்குப் போனால் கவலை தீர்ந்துது எண்டும் இல்லை. லொகினை நிர்வகிக்கிற ஒக்டாவுக்குள்ளயே 2023இல களவு நடந்தது. 2025 நவம்பர் 18இல கிளவுட்ஃப்ளேர் விழுந்தபோது உலகத்தில எத்தனையோ தளங்கள் சேர்ந்து விழுந்தது. அது ஏப்ரல் 30ஆக, வரி கட்டக் கடைசி நாளாக இருந்திருந்தால்? அதுக்காக மாமா இப்ப ஒரு பக்கப் பிரதியை நெட்வேர்க்கில கொழுவாமல் தனியாகப் பூட்டி வைச்சிருக்கிறார்.

எனக்கு எல்லாத்திலயும் கூட நினைவில நிக்கிறது அந்தச் சனிக்கிழமைப் பின்னேரம். "வெளியில தெரிஞ்சா ஆர் இனி வருவினம்? பேசாமல் விடுவம்" எண்டார் மாமா. வாடிக்கையாளர்களின் சின் நம்பர், சம்பளம், பிள்ளைகளின் பிறந்த திகதி எல்லாம் அதுக்குள்ள. கனடாவில 2018 நவம்பர் 1இல இருந்து சட்டம் தெளிவு: பாரதூரமான தீங்கு வரக்கூடிய உண்மையான ஆபத்து இருந்தால் தனியுரிமை ஆணையாளருக்கும் பாதிக்கப்பட்ட ஆக்களுக்கும் அறிவிக்க வேணும். தெரிஞ்சுகொண்டு மறைச்சால் 100,000 டொலர் வரைக்கும் தண்டம். சட்டத்தைச் சொன்னபோது அவர் அசையவில்லை. "அம்மம்மாவின் பத்திரமும் அதுக்குள்ளதானே மாமா" எண்டபோதுதான் லிஸ்டை எடுத்தார். திங்கள் காலமை முதல் ஒவ்வொருத்தருக்காக ஃபோன் பண்ணினார். சிலர் ஏசினவை. சிலர் வேற இடத்துக்குப் போட்டினம். கன பேர் இருக்கினம். கப்பம் கட்டவில்லை, ரெண்டு வருஷ வேலைத் தாள்கள் திரும்பி வரவும் இல்லை.

உங்களில கன பேர் அம்மா அப்பாவின் கடைக்கோ, மாமாவின் ஒஃபிஸுக்கோ சம்பளமில்லாத ஐடி ஆள் எண்டு தெரியும். இந்தக் கிழமை போய் யூசர் லிஸ்டைத் திறந்து, வேலையை விட்டுப் போனவையின் பேர் எத்தனை கிடக்கு எண்டு எண்ணிப் பாருங்கோ. மாமாவின்ர லிஸ்டில ஆறு பேர். உங்கட எண்ணிக்கையைக் கடைப் பேர் இல்லாமல் எழுதி அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறன்.