செயலி யார் கையில்?

பொங்கலூரிலிருந்து நோயாளியைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் மில் தொழிலாளிக்கு வாடகைக் கார் ஆடம்பரமல்ல, அவசியம். ஸ்டாண்டு வண்டியென்றால் பேரம். ஓலா, ஊபர் செயலியில் கட்டணம் முன்கூட்டியே தெரிகிறது. இந்த வசதியை நாம் மறுக்கவில்லை. ஆனால், நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப்போல் இருமடங்குவரை வசூலிக்க, 2025-ல் மத்திய அரசின் வழிகாட்டுதல் இடங்கொடுத்தது. வண்டியும், டீசலும், கடன் தவணையும் டிரைவர் தலையில், லாபம் கம்பெனிக்கு! பயணிக்கும் டிரைவருக்கும் பகையில்லை. இருவரையும் கறப்பவன் ஒருவனே.

2022-ல் கேரள இடது முன்னணி அரசு ‘கேரள சவாரி’யைத் தொடங்கியது. அரசு நிர்ணயித்த கட்டணம். தொடங்கியபோது அதன்மேல் 8 சதவீதம் மட்டுமே சேவைக் கட்டணமாக இருந்தது.

கருவி குற்றவாளியல்ல, அது யார் கையில் என்பதே கேள்வி. தமிழகத்திலும் அரசே செயலி நடத்த வேண்டும். மில் தொழிலாளரும், விவசாயத் தொழிலாளரும், டிரைவர்களும் ஒன்றுபட்டு இதைக் கேட்போம்!