எத்தனை அடி வீடு போதும்?

"வீடு சிறியதானால் குடித்தனம் நடக்குமா?" என்று அங்கலாய்க்கும் சகோதரிகள் அநேகம். அமெரிக்காவில் மோட்டாருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் வண்டி வீட்டிலேயே வருஷம் முழுவதும் வாழும் குடும்பங்கள் உண்டு. அங்கே பிரதான சாலைகளில் வண்டியின் அகலம் 8½ அடி வரைதான். நீளம் 30 அடி என்றால், மொத்தம் 255 சதுர அடி! நம் புதுக்கோட்டைச் சீமைக் கிராமங்களில், 2024-ல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்து வீடு 360 சதுர அடி. 300 அடிக்குக் கான்கிரீட் தளம். மீதி 60 அடிக்குத் தீப்பற்றாத வேறு கூரை.

திருமயம் பக்கத்துக் கடியாபட்டியில் செட்டிநாட்டு மாளிகைகளைப் பார்த்திருப்பீர்கள். வளவைச் சுற்றி எத்தனை அறைகள்! ஆயினும் மணமான ஒவ்வொரு மகனுக்கும் சொந்தமென்று ஓர் அறைதான், சமையலும் தனித்தனி. மாளிகையானாலும் ஒரு ஜோடிக்கு வேண்டியது ஒரு கதவும் தாழ்ப்பாளுந்தான்.

ஆகவே, அஸ்திவாரம் தோண்டுமுன் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள். 6 அடிக்கு 2½ அடிப் பாய் ஒன்று 15 சதுர அடி; ஐந்து பேருக்கு 75. பாய்களை விரித்த பிறகும், இரவில் எழுந்திருக்கும் மாமியார் யாரையும் மிதிக்காமல் வெளியே போக வழி உண்டா? படிக்கிற பெண்ணுக்கு விளக்கடியில் ஒரு மூலை? உடை மாற்ற மறைவு? தாளிக்கும் புகை போக ஜன்னல்?

பட்டணத்தில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். அடியை மட்டும் கேட்டுவிட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கொத்தனாரிடமும் தரகரிடமும் நீங்களே வாய்திறந்து பேசுங்கள். அந்த வீட்டில் பொழுதெல்லாம் நடமாடப் போவது நீங்கள் அல்லவா?