ஊருக்குப் புதுப்பெயர் புறநகர்!

சென்னையிலிருந்து தென்னாடு நோக்கி ஓடும் இருப்புப்பாதையில், தொழுப்பேட்டைக் கடந்து திண்டிவனத்தை நெருங்கும் வேளையில், சன்னலோரம் அமர்ந்திருப்போர் கண்களில் ஒரு நொடி பட்டு மறையும் பெயர்ப்பலகை ஒன்று உண்டு. ஒலக்கூர்! விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. நிற்க வேண்டிய தேவை இருப்பதாக நெடுநாள் எவரும் எண்ணியதும் இல்லை.

ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் அது. நகரம் என்று அழைத்தால் நகரத்துக்கு நகைப்பு வரும். பட்டிக்காடு என்று பகர்ந்தாலோ ஊருக்குக் கோபம் வரும். நெல்லும் மணிலாவும், கரும்பும் உளுந்தும், கோடை வந்தால் தர்பூசணியும் விளையும் மண். வானம் கொடுத்தால் ஏரி நிறையும். ஏரி நிறைந்தால் வயிறு நிறையும். அந்த ஊருக்குத்தான் இன்று புதுப்பெயர் சூட்டு விழா நடக்கிறது. சூட்டுபவர் நாடாள்வோர் அல்லர், வீட்டுமனை வணிகர்! சூட்டும் பெயர், புறநகர்!

"சென்னைக்கு மிக மிக அருகில்" என்று நெடுஞ்சாலை நெடுகிலும் பலகைகள் பல்லிளிக்கின்றன. நூறு கிலோமீட்டருக்கு மேல் அப்பால் இருப்பது அருகிலாம்! சென்னைப் பெருநகரின் எல்லை 2022 அக்டோபரில் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து மடங்கு! அவ்வளவு விரித்த பாயிலும் விழுப்புரம் மாவட்டத்துக்கு இடமில்லை. அரசாணை சேர்க்காத ஊரை விளம்பரப் பலகை சேர்த்துக்கொண்டது. என்னே விந்தை!

தோழர்களே! இந்த வணிகத்தின் கணக்கைச் சற்றே கூட்டிப் பார்ப்போம். உழவன் தன் நிலத்தை ஏக்கர் கணக்கில் விற்கிறான். வணிகனோ அதைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறான். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. சாலைக்கும் பொது இடத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு போனாலும் 29,000 சதுர அடி மிஞ்சும். சதுர அடிக்கு நூறே ரூபாய் ஏற்றினால், ஏக்கருக்கு 29 இலட்சம் ரூபாய் ஏறும்! விதை விதைக்கவில்லை, களை எடுக்கவில்லை, நாலு மூலையில் நாலு வெள்ளைக் கல், நடுவிலே செம்மண், வாயிலிலே வண்ண வளைவு, அவ்வளவுதான் முதலீடு!

அந்த விலை ஏன் ஏறியது? நெடுஞ்சாலை நான்கு வழியானது, இருப்புப்பாதை அகலப் பாதையானது, மின்சாரம் வந்தது, அக்கம்பக்கத்தில் கல்லூரியும் ஆலையும் எழுந்தன. இவற்றில் எது மனை வணிகன் கட்டியது? உடைக்குக்கூட ஏழை கொடுத்த வரியில் எழுந்தவை அவை! அமெரிக்க நாட்டில் ஹென்றி ஜார்ஜ் என்னும் அறிஞர் 1879இல் 'முன்னேற்றமும் வறுமையும்' என்னும் நூலை எழுதி, ஊரார் உழைப்பால் ஏறும் நில மதிப்பு ஊராருக்கே உரியது என்று வாதாடினார். உலகத்துத் தொழிலாளரெல்லாம் ஓதிய பாடம் அது. ஒலக்கூரில் இன்னும் ஒலிக்கவில்லை!

உழவனிடம் தரகர் பேசும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்.

"பெரியவரே, மணிலா போட்டு என்ன கண்டீர்? கடன்தானே கண்டீர்! கையெழுத்துப் போடும், மகனுக்குக் கடை வைத்துக் கொடும், மகளைக் கட்டிக் கொடும்."

"நிலம் போய்விட்டால் நான் என்ன செய்வேன், தம்பி?"

"கவலை ஏன்? மனைக்கு ஒரு காவலாள் வேண்டுமே! உம்மை விட்டால் வேறு யாருண்டு?"

நிலத்துக்கு உரியவன் நிலத்துக்குக் காவலாள்! இதைவிடக் கொடிய நையாண்டியை எந்த நாடக ஆசிரியனால் எழுத முடியும்?

அந்தப் பெரியவருக்கேனும் கைக்கு ஒரு தொகை வந்தது. வாரத்துக்கு உழுதவனுக்கு என்ன வந்தது? நாற்று நட்ட பெண்ணுக்கு என்ன வந்தது? ஆடு மேய்த்த சிறுவனுக்கு? விற்பனைப் பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை. ஆகவே இழப்பீட்டிலும் இல்லை.

அடுத்துள்ள செங்கற்பட்டின் வரலாறு இதைவிட வேதனை தருவது. வெள்ளைக்கார ஆட்சியர் திரமென்கீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து 1891இல் அறிக்கை தந்தார். அதன் விளைவாக 1892இல் அவர்களுக்கென நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அதுவே பஞ்சமி நிலம். பிற சாதியாருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. அந்த நிலம் எங்கே என்று கேட்டவர்கள்மீது 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் துப்பாக்கி பேசியது. இருவர் உயிர் பறிபோயிற்று. நூறு ஆண்டுக்குப் பின்னும் கேள்விக்கு விடை குண்டு! இன்று மனைப்பிரிவுகள் பெருகும்போது, எந்தக் கல்லுக்கு அடியில் எவருடைய பஞ்சமி நிலம் புதைந்து கிடக்கிறது என்று யார் தோண்டிப் பார்ப்பது?

"சட்டம் இருக்கிறதே" என்பர் சட்டம் படித்தோர். இருக்கிறது. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. விளைவு? 2016 அக்டோபர் 20ஆம் நாள் வரை பிரிக்கப்பட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வகுத்தார்கள். தவறு செய்தவன் கட்டணம் கட்டினால் தவறு சரியாகிவிடும்!

அதே காலத்தில் ஊராட்சி மன்றங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? ஒன்றும் செய்யவில்லை, ஏனெனில் மன்றங்களே இல்லை! 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஐந்து ஆண்டுகள், ஊருக்கு ஒரு தலைவன் இல்லை; தனி அலுவலர் ஆட்சி! வீட்டுக்காரன் இல்லாத வீட்டில் வேலியைப் பிரிப்பவனைத் தடுப்பவர் யார்?

பிறகு வந்தது 2023ஆம் ஆண்டு நில ஒருங்கிணைப்புச் சட்டம். 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. நூறு எக்டேருக்குக் குறையாத நிலத்தில் அமையும் திட்டத்துக்கு நடுவே ஏரியோ ஓடையோ கால்வாயோ குறுக்கிட்டால், அதைச் சிறப்புத் திட்டமாக அறிவித்து, நிலத்தை மாற்றிக்கொள்ள வழி வகுக்கும் சட்டம் அது. "நீரின் கொள்ளளவு குறையலாகாது என்று அதிலேயே எழுதியிருக்கிறதே" என்று வாதிடுவர். எழுதியிருக்கலாம். ஆனால் ஏரி என்பது வெறும் குழியா? மேட்டிலிருந்து வரும் வரத்துக் கால்வாய், பாசன மதகு, மிகையை வழியவிடும் கலங்கல், அடுத்த ஏரிக்கு ஓடும் ஓடை, இத்தனையும் சேர்ந்ததே ஏரி. கொள்ளளவைக் காகிதத்தில் காப்பாற்றலாம். சரிவைக் காகிதத்தில் சாய்க்க முடியுமா?

ஐயமிருப்போர் 2024ஐ நினைவு கூரட்டும். பெஞ்சல் புயல் கரையேறிய இரவு, டிசம்பர் 1ஆம் நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில், திண்டிவனத்துக்கு அப்பால் உள்ள மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது! அத்தகைய மழையை எவரும் தடுக்க முடியாது; மெய். ஆனால் விழுந்த நீர் தன் பழைய வழியைத் தேடிவரும். அங்கே வீடு இருந்தால் வீட்டுக்குள் வரும். பட்டாவைக் காட்டினால் திரும்பிப் போகாது!

"அப்படியானால் வளர்ச்சியே வேண்டாம் என்கிறீரா? பழைய கிராமமே பொன்னுலகமா?" என்று ஒரு கணை வரும். பொன்னுலகம் என்று நாம் புகன்றதில்லை! ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்று பிரித்து, கிணற்றுக்கும் சுடுகாட்டுக்கும்கூடச் சாதி எழுதிய கிராமத்தை நாம் ஏன் போற்றுவோம்? பள்ளி வேண்டும், மருத்துவமனை வேண்டும், மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பத் தொடர்வண்டி வேண்டும். பிள்ளைகள் படித்து ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போக வேண்டும். நாம் கேட்பது, அந்த வளர்ச்சிக்கு விலை கொடுப்பவன் யார், விளைவை உண்பவன் யார் என்பதே!

மணிலாவில் டி.எம்.வி. என்ற எழுத்துகளைத் தாங்கிய இரகங்களை உழவர் அறிவர். அந்த எழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தை! அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. 2, 1940இல் வெளிவந்தது. அண்டை மாநிலங்களின் வயல்களிலும் பரவியது. இந்த மண்ணின் அறிவு அவ்வளவு தொலைவு சென்றது. இன்று திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா எழுகிறது. 400 கோடி ரூபாயில் ஆலை அமைக்க டாபர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் ஒப்பந்தம் செய்தது. வரட்டும், வரவேற்போம்! ஆனால் உணவுப் பூங்காவைத் திறந்துவிட்டு, உணவு விளையும் வயலை மனையாக்குவது, அடுப்பைக் கட்டிவிட்டு அரிசிப் பானையை உடைப்பதாகாதா?

வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் எபனேசர் ஹோவர்டு 1898இல் தோட்ட நகரத் திட்டத்தை வகுத்தார். 1903இல் லெட்ச்வொர்த் நகரின் பணி தொடங்கியது. நகரைச் சுற்றி வேளாண் வளையம்; நிலம் பொதுவில்; மதிப்பு ஏறினால் ஆதாயம் ஊருக்கே! முதலாளித்துவத்தின் தாயகத்திலேயே கனியத் தொடங்கிய எண்ணம், உழுதுண்டு வாழ்வாரை உயர்த்திப் பாடிய தமிழகத்தில் முளைக்கக் கூடாதா?

புறநகர் என்ற பட்டம் வந்தால் என்ன வரும் என்று மக்கள் அறிந்தே இருக்கின்றனர். 2025 சனவரியில் பல ஊராட்சிகளை நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பியது. ஊரக வேலைத் திட்டம் பறிபோகும், வரி ஏறும் என்பதே அவர்களின் அச்சம். சாக்கடை வருமுன் வரிச்சீட்டு வரும் என்பதை அனுபவம் கற்றுத் தந்திருக்கிறது.

ஆகவே தோழர்களே, மேடையில் முழங்கினால் மட்டும் போதாது. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. ஆறு நாளும் நம்மவர் அங்கே இருக்கட்டும். அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். எது ஏரி, எது ஓடை, எது மேய்ச்சல் நிலம், எது பஞ்சமி நிலம் என்று ஊரறியப் பட்டியலிடுங்கள். விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 2017இல் தனி விதிகள் உள்ளன. அவை பின்பற்றப்பட்டனவா என்று மனைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் கேளுங்கள். ஏறிய நில மதிப்பில் ஊருக்குப் பங்கு வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். நிலமற்றவன் பெயரையும் இழப்பீட்டுப் பட்டியலில் எழுது என்று வற்புறுத்துங்கள்.

ஓமந்தூர், திண்டிவனத்துக்கு அருகேயுள்ள சிற்றூர். அங்கிருந்து சென்ற ஓர் உழவர், இராமசாமி ரெட்டியார், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். அவர் கட்சி வேறு, நம் கட்சி வேறு. ஆயினும் சமீன்தாரி முறையை ஒழிக்கும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர் ஆட்சியில்தான் பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அன்று நிலத்தை வளைத்தவர் அரண்மனையில் வாழ்ந்தார். இன்று வளைப்பவர் விளம்பரப் பலகையில் வாழ்கிறார். அரண்மனையை வென்ற மண்ணுக்குப் பலகையை வெல்வது அரிதன்று!

ஒலக்கூர் வளரட்டும், ஒலக்கூராகவே வளரட்டும்!